ரிட்டயர்மென்ட் வேறு, அடுத்த வேலை வேறு

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இது. கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசராக இருக்கும் அப்பாவுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் 58 நிறைகிறது. சர்வீஸ் 29 வருடம் 7 மாதம். பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 26,000 ரூபாய். மில்காரர்கள், "கன்சல்டன்டாக வாங்க, மாசம் 30,000 தர்றோம்" என்கிறார்கள். அப்பாவுக்குப் போகத்தான் ஆசை. சும்மா உட்கார்ந்தால் படுத்துவிடுவேன் என்கிறார். அம்மா, உழைத்தது போதும் என்கிறார். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா, "ரிட்டயர் ஆனா ஆனதுதான், நிம்மதியா இருடா" என்கிறார். அப்பாவை இன்னும் வேலைக்கு அனுப்புகிறோமே, ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம் உங்களுக்கு. யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. 30 வருடக் கணக்கை எப்படி முடிப்பது என்பது ஒன்று. முடித்த பிறகு வேலை பார்ப்பதானால் எந்த நிபந்தனையில் பார்ப்பது என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சட்டத்தில் திட்டமான பதில் உண்டு. இரண்டாவதில் பாதிதான் சட்டம். மீதி உங்கள் வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது.

பெரியப்பாவின் நிம்மதியிலிருந்து தொடங்குகிறேன். வேலையை விட மனசு வருகிறதா இல்லையா என்பதை நாம் குணம் என்று பேசுகிறோம். அதில் பெரும்பங்கு பென்ஷன் தொகைதான். தமிழ்நாட்டில் 1.4.2003-க்கு முன் அரசுப் பணியில் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம். முழு சர்வீஸ் இருந்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி, அதன்மேல் அகவிலைப்படி, அவருக்குப் பின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். அவர் ஓய்வை உழைப்பின் பலன் என்று பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை. மில் தொழிலாளிக்கு வருவது 1995-ம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் பென்ஷன், அதாவது இ.பி.எஸ். அதில் அகவிலைப்படி கிடையாது. முதல் மாதம் வந்த தொகையே, அரசு திருத்தினால் ஒழிய, கடைசி மாதமும் வரும். ஒரே தெருவில் இருக்கும் அண்ணன் தம்பி இருவருக்கும் ஓய்வு என்ற சொல் ஒரே பொருளைத் தராது. அதனால் பெரியப்பா சொல்வதை அன்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. கணக்கு இதுதான்: கடைசி பேசிக், டி.ஏ. கூட்டுத்தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடங்களால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட துண்டு முழு வருடமாகக் கணக்காகும் என்பதால் 29 வருடம் 7 மாதம் 30 ஆகிவிடும். 26,000-ஐ 26-ஆல் வகுத்தால் 1,000. அதை 15-ஆல் பெருக்கினால் 15,000. 30 வருடத்துக்கு 4,50,000 ரூபாய். இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. சில அலுவலகங்கள் மாதத்துக்கு 30 நாள்தானே என்று 30-ஆல் வகுத்துவிடும். அப்போது 3,90,000-தான் வரும், 60,000 போச்சு. துண்டு மாதங்களைத் தள்ளிவிட்டு 29 என்று போட்டால் 15,000 குறையும். கணக்குத் தாளை வாங்கி, எந்தச் சம்பளம், எந்த வகுஎண், எத்தனை வருடம் என்ற மூன்றை மட்டும் பாருங்கள். 30 நாளுக்குள் தர வேண்டிய பணம் இது. "இங்கேயேதானே இருக்கப்போறீங்க, அப்புறம் மொத்தமா பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடச் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தில் சிக்கி வருடக்கணக்கில் நிற்கும் கிராஜுவிட்டிகள் நிறைய.

அடுத்து பென்ஷன். இங்கேதான் அதிக ஏமாற்றம். சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: பென்ஷனுக்கான சம்பளத்தை சர்வீஸால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. சம்பள உச்சவரம்பு 15,000. 20 வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருந்தால் 2 வருடம் போனஸ். ஆகவே 15,000-ஐ 32-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்து, 6,857 வரும் என்று நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். வராது. 15,000 என்ற வரம்பு 1.9.2014-ல்தான் வந்தது, அதற்கு முன்பு 6,500. அந்தத் தேதிக்கு முந்தைய சர்வீஸுக்கு 6,500, பிந்தையதற்கு 15,000 என்று பிரித்துத்தான் போடுவார்கள். அப்பாவுக்கு முந்தையது சுமார் 18 வருடம், பிந்தையது சுமார் 12. முதல் பகுதிக்கு 1,671, இரண்டாவதற்கு 2,571, ஆக 4,242. போனஸ் வருடங்களையும் சேர்த்தால் 4,500-ஐ ஒட்டி நிற்கும். இந்த எண்ணை அப்பாவும் அம்மாவும் இப்போதே, ஒன்றாக உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது. போதும், போதாது என்ற பேச்சு அதன்பிறகு வேறு மாதிரி நடக்கும்.

பென்ஷனை 58-லேயே வாங்கிக்கொண்டு வேலையும் பார்க்கலாமா? பார்க்கலாம். 58-ல் இ.பி.எஸ். உறுப்பினர் நிலை முடிந்துவிடுகிறது. வேலையில் தொடர்வது பென்ஷனுக்குத் தடையல்ல. 60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். விதி உண்மைதான், ஆனால் கணக்கைப் போடுங்கள். 4,500 வீதம் 24 மாதம் வாங்காமல் விடுவது 1,08,000. அதற்குப் பதிலாகக் கூடுவது மாதம் 360 சொச்சம். விட்டதைத் திரும்பப் பிடிக்க 25 வருடம் ஆகும், அதாவது அப்பாவுக்கு 85 வயது. தள்ளிப்போடும் காலத்திலும் பங்களிப்பைத் தொடரும் வழி ஒன்று உண்டு. அதில் சர்வீஸும் கூடும் என்பதால் கணக்கு கொஞ்சம் தேறும். ஆனால் அது முறையாகச் சம்பளப் பட்டியலில் இருப்பவருக்கு, கன்சல்டன்டுக்கு இல்லை. என்னைக் கேட்டால் 58-லேயே வாங்கத் தொடங்கிவிடுவது மேல்.

பணம் தாமதமாவது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, இனிஷியலால். மில் பதிவேட்டில் "ஆர். முருகேசன்" என்றும், ஆதாரில் "முருகேசன் ராமசாமி" என்றும், பேங்க் பாஸ்புக்கில் வெறும் "முருகேசன்" என்றும் இருக்கும். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் ஆதார், பான், பி.எஃப். கணக்கு மூன்றிலும் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் மில் மூலமாக ஜாயின்ட் டிக்ளரேஷன், அதாவது அப்பாவும் மில்லும் சேர்ந்து தரும் திருத்த விண்ணப்பம், போட வேண்டும். அதற்கு ஆகும் வாரங்களை ரிட்டயர் ஆவதற்கு முன்பே செலவழித்துவிடுவது புத்திசாலித்தனம். அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் நாமினேஷனில் சரியாக இருக்க வேண்டும். அப்பாவுக்குப் பின் பாதிப் பென்ஷன் அவருக்குத்தான் வரும், அப்போது அலைவது அவராக இருப்பார். பென்ஷன் கேட்டுப் போடும் 10டி விண்ணப்பத்துக்குக் கணவன் மனைவி சேர்ந்து எடுத்த போட்டோ கேட்பார்கள். அதையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

தொடர்ந்து வேலை பார்ப்பவர்களுக்கென்றே இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஆள் தினமும் வருகிறாரே என்று, மில் அலுவலகம் விலகல் தேதியைப் பி.எஃப். தளத்தில் ஏற்றாமலே விட்டுவிடும்; பி.எஃப். பணம் கேட்டு விண்ணப்பித்தால் திரும்பி வரும். 58 முடிந்த பிறகும் பழக்கதோஷத்தில் முதலாளி பங்கில் 8.33 சதவீதத்தை இ.பி.எஸ். கணக்கிலேயே கட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று. 58-க்கு மேல் சம்பளத்தில் தொடர்ந்தால் முதலாளியின் 12 சதவீதம் முழுவதும் பி.எஃப். கணக்குக்குத்தான் போக வேண்டும். தவறாகக் கட்டியதைத் திருத்தும் வரை 10டி நகராது. பிறந்தநாள் வரும் மாதத்துக்கு அடுத்த மாத பாஸ்புக்கை எடுத்து, பென்ஷன் பத்தியில் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், இது அன்றைக்கே தெரிந்துவிடும்.

பி.எஃப். தொகையை என்ன செய்வது என்பதில் அவசரம் வேண்டாம். ஓய்வுக்குப் பிறகும் மூன்று வருடம் வட்டி ஓடும். ஆனால் வேலையை விட்ட நாளுக்குப் பின் சேரும் வட்டி வருமான வரிக் கணக்கில் வரும். முதியோர் சேமிப்புத் திட்டம் நினைவிருக்கட்டும். வழக்கமாக 60 வயதுக்கு மேல்தான். ஓய்வுபெற்று வந்தவருக்கு 55 முதலே உண்டு, ஓய்வுப்பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும் என்பது நிபந்தனை. இப்போதுள்ள 8.2 சதவீத வட்டியில் 10 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும்; சேரும் நாளின் வட்டி விகிதம் ஐந்து வருடத்துக்கும் நிற்கும். அதற்கு மில் தரும் ஓய்வுச் சான்றிதழ் வேண்டும். விலகலையே பதியாத மில் இந்தச் சான்றிதழை எப்படித் தரும்? எல்லாம் அந்த ஒரு தேதியில் வந்து நிற்பதைக் கவனியுங்கள். மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். மில்லின் குரூப் பாலிசி ரிட்டயர்மென்ட் நாளோடு போய்விடும். அதே கம்பெனியில் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளும் வாய்ப்பை ஒன்றரை மாதம் முன்னதாகவே எழுத்தில் கேளுங்கள். அதை விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால், இருக்கும் சுகர், பிரஷருக்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். இதைப் படிக்கும் வேறு யாராவது இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருந்தால், ஐந்து வருடம் காப்பீட்டில் இருந்து ஓய்வுபெறுபவர் வருடத்துக்கு 120 ரூபாய் கட்டி, தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். தேநீர்க் காசு, ஆனாலும் கட்டாமல் விடுகிறவர்கள் ஏராளம்.

இனி அந்த 30,000. "கன்சல்டன்ட்" என்ற பெயர் கௌரவமாக இருக்கும். அதன் உள்ளே இருப்பது இவ்வளவுதான்: பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி சேராது, சம்பளத்தோடு லீவு இல்லை, போனஸ் இல்லை. வருடத்துக்கு 50,000-ஐத் தாண்டும் கட்டணம் என்பதால் 10 சதவீதம் வரி பிடித்து 27,000-தான் கைக்கு வரும். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லாததால், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்த 36,000-ம் திரும்பி வரும். தாக்கல் செய்யாவிட்டால் வராது. பணத்தைவிட எனக்குக் கவலை தருவது விபத்து. ரிங் ஃபிரேமுக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவருக்கு ஏதாவது ஆனால், தொழிலாளி என்றால் இழப்பீட்டுச் சட்டம் துணைக்கு வரும். "இவர் எங்கள் ஊழியரே இல்லை, ஆலோசகர்" என்று மில் சொன்னால் வழக்கு நடத்தித்தான் நிரூபிக்க வேண்டும். நீதிமன்றம் தாளில் உள்ள பெயரைவிட, தினமும் எத்தனை மணிக்கு வந்தார், யார் சொல்லி வேலை செய்தார் என்பதைத்தான் பார்க்கும். ஆனால் அந்த வழக்கை நடத்தப்போவது யார்? ஆகவே தினசரி ஆஜர், நிர்ணயித்த நேரம், இயந்திரத்தில் கை வைக்கும் வேலை என்றால் ஒரு வருட ஒப்பந்த நியமன ஆணையாகக் கேளுங்கள். வாரம் இரண்டு மூன்று நாள் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போவது என்றால் கன்சல்டன்ட் ஏற்பாடு பொருத்தம்தான். அப்போதும் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று எடுத்துவிடுங்கள்.

தொகை நியாயமா என்பதும் இதே கேள்விதான். இதுவரை அப்பாவுக்காக மில் 26,000-க்கும் மேல் செலவழித்தது. 15,000 வரம்பில் கட்டினாலும் பி.எஃப். பங்கு 1,800, கிராஜுவிட்டி மாதத்துக்கு 1,250, இவற்றோடு லீவு, போனஸ், காப்பீடு. அதே எட்டு மணி நேரம், அதே ஆறு நாள் என்றால் 30,000 என்பது ஏறக்குறைய பழைய சம்பளம்தான், பாதுகாப்பு மட்டும் கழிந்திருக்கும். வாரம் மூன்று நாள் என்றால் நல்ல விலை. மில் எதற்கு விலை கொடுக்கிறது என்பதையும் யோசியுங்கள். எந்த ஃபிரேமில் ஸ்பிண்டில் டேப் சீக்கிரம் அறும், ஹியூமிடிஃபிகேஷன் பிளான்டில் எந்தப் பம்பு மழைக்காலத்தில் தகராறு செய்யும், எந்த ஸ்பேரை எந்தப் பட்டறையில் கடைந்தால் நிற்கும் என்பதெல்லாம் அப்பாவின் தலைக்குள் இருக்கிறது, ரிஜிஸ்டரில் இல்லை. ஒரு வருடத்தில் அது இளைஞர் ஒருவரின் நோட்டுக்குப் போய்விடும். அதன்பின் மில்லுக்கு அப்பா அவசியமில்லை. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை, ஆனால் இது தெரிந்தே போக வேண்டும். சிங்கப்பூரில் ஓய்வு வயதை எட்டியவர் தகுதியோடு இருந்தால் மறுவேலை தர முன்வருவது முதலாளியின் கடமை என்று சட்டமே சொல்கிறது. 68 ஆக இருந்த அந்த மறுவேலை வயதை 1.7.2026 முதல் 69 ஆக்கியிருக்கிறார்கள். இங்கே தனியார் துறையில் அப்படி எதுவும் இல்லை. கூப்பிடுவது மில்லின் விருப்பம், நிறுத்துவதும் அப்படியே. எழுத்தில் ஒரு மாத நோட்டீஸாவது இருக்கட்டும்.

"உட்கார்ந்தால் படுத்துவிடுவேன்" என்பதைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ரிட்டயர் ஆகி ஆறு மாதத்தில் போய்விட்டார் என்று ஊருக்கு ஊர் ஒரு கதை உண்டு. ஏற்கெனவே உடம்பு முடியாதவர்கள்தான் முதலில் வேலையை விடுகிறார்கள் என்பதால், எது காரணம் எது விளைவு என்று பிரிப்பது ஆராய்ச்சியாளர்களுக்கே கஷ்டம். என்ன வேலை என்பதைப் பொறுத்து பதில் மாறும். இரவு ஷிப்ட், பஞ்சுத் தூசி, ஃபிரேம் இரைச்சல் மூன்றும் உடம்புக்கு ஆகாதவை. அவற்றிலிருந்து விடுபடுவது லாபம். ஆனால் ஷிப்ட் முழுக்க டிபார்ட்மென்டுக்குள் நடந்துகொண்டே இருந்தவர் ஒரே நாளில் நாற்காலிக்கு வந்து, சாப்பாட்டு அளவை மட்டும் மாற்றாவிட்டால் சுகர் ஏறத்தான் செய்யும். தொடர்ந்தாலும் நின்றாலும் மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (மூன்று மாத சுகர் சராசரி) பார்த்துவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவைப் பற்றி நான் பேசக் கூடாது.

அம்மாவிடம் "அப்பா வேலைக்குப் போகட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்பார். இதில் எது வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள். மெயின்டெனன்ஸ்காரர் வீடுகளில் அநேகமாக அந்தப் பதில் இரவு இரண்டு மணி போனாக இருக்கும்: பிரேக்டவுன் என்று கூப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவது, கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுந்து போவது. அப்படியானால் அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். வாரம் மூன்று நாள், காலை பத்து முதல் நான்கு, இரவு அழைப்பு போனில் மட்டும், வண்டியை மில் அனுப்பும், எந்தப் பாதுகாப்பு ரிஜிஸ்டரிலும் அப்பா கையெழுத்துப் போடமாட்டார், முதல் ஒப்பந்தம் ஆறு மாதம். யாரிடம் ரிப்போர்ட் செய்வது என்பதும் அதில் வரட்டும். நேற்று வரை "அண்ணா" என்று பின்னால் நின்ற பையன் இன்று சூப்பர்வைசர். அவனுக்கு முன்னால் ஃபிட்டர்களை அப்பா அதட்டினால் இரண்டாவது வாரமே மனக்கசப்பு வரும். ஆலோசனையை அவனிடம் மட்டும் சொல்வது என்று அப்பா தன்னளவில் ஒரு வரம்பு வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையில் பாதி குறையும். ஊர் பேச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொங்கு நாட்டில் 75 வயதில் காட்டுக்குப் போய் மடை திருப்புகிறவரை யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. சம்பளத்துக்குப் போகிறவரை மட்டும் "பையன் பாக்கலையோ" என்கிறார்கள். அந்தப் பேச்சுக்காக அப்பாவை நிறுத்தவும் வேண்டாம், வீட்டுச் செலவை அவர் தலையில் வைத்து அனுப்பவும் வேண்டாம். அவருடைய 30,000 இல்லாமல் குடும்பம் ஓடுமா என்று நீங்கள் தனியாக ஒரு மாதக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓடும் என்றால்தான் அவர் வேண்டும்போது வேண்டாம் என்று சொல்ல முடியும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: பெயர்த் திருத்தம் இந்த வாரம், காப்பீட்டுக் கடிதம் அடுத்த வாரம், கடைசி நாளில் ரிலீவிங் ஆர்டர், சர்வீஸ் சான்றிதழ், கிராஜுவிட்டி கணக்குத் தாள், விலகல் தேதி பதிவானதும் 10டி. ஒப்பந்தத்தில் கையெழுத்து இவற்றுக்குப் பிறகு, நடுவில் பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு. அந்த இடைவெளியில் அப்பா வீட்டில் எப்படி இருக்கிறார் என்று மூவருமே பார்த்துவிடலாம். 2022 நவம்பர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு முழுச் சம்பளத்தில் பென்ஷன் கேட்டு அப்பா ஜாயின்ட் ஆப்ஷன் கொடுத்திருந்தால் மட்டும், நான் மேலே போட்ட 4,500 கணக்கு அவருக்குப் பொருந்தாது. அந்த விண்ணப்பத்தின் எண்ணை எடுத்துக்கொண்டு நேராகப் பி.எஃப். அலுவலகத்துக்குப் போங்கள்.